சீனாக்காரம்

தவநாயகி பேணியைக் குலுக்கினாள். சத்தம் பிழையாக இருந்தது.

பாவித்த பிளேடுகள் மட்டும் உள்ளே கிடந்தால் கிலுகிலு என்றல்லவா கேட்க வேண்டும்? இது பயறு போட்டுவைத்த பேணிபோல மொத்தையாக உருண்டது. டின்பால் முடிந்த பேணி. அதைக் கழுவிக் காயவைத்து, மேலே ஒரு கீறல் வெட்டி, பழைய பிளேடுகளை அதற்குள் போட்டுவைப்பது அவள் புருசன் குலசிங்கத்தின் வழக்கம். சும்மா குப்பையில் எறிந்தால் குப்பை அள்ளுகிறவனின் கையை வெட்டிப்போடுமாம். ஊரான் கையில் என்ன கரிசனை! அந்தக் கரிசனைக்காரர் செத்து ஒரு கிழமையாகிறது.

கறுப்புக் குப்பைப் பையை விரித்துவைத்துக்கொண்டு அவள் பாத்றூம் அலுமாரியை வெறுமையாக்கிக்கொண்டிருந்தாள். சவரப் பிரஷ், சவர்க்காரம், கிண்ணம், றேசர், பிளேட் பெட்டிகள், சீனாக்காரக் கட்டி எல்லாம் ஏற்கெனவே பைக்குள் போய்விட்டன. நாளைக்குத் தகனம். இன்றைக்குப் பிரேதத்துக்கு வேட்டி கட்டப் போக வேண்டும். அதற்கு முதல் இந்தக் கோதாரி விழுந்த சாமான்களில் ஒன்றும் வீட்டில் மிஞ்சக்கூடாது என்று விடியவே முடிவு கட்டியிருந்தாள்.

பேணியைக் குசினிக்குக் கொண்டுபோய், அடிப்பக்கத்தை டின் வெட்டியால் வெட்டி, பழைய பேப்பர் ஒன்றை விரித்துக் கொட்டினாள். கறள் பிடித்த பிளேடுகள் விழுந்தன. அவற்றோடு சேர்ந்து ஒரு கைப்பிடி குளிசைகளும் விழுந்தன. இளஞ்சிவப்புக் குளிசைகள். சிலவற்றில் கறள் ஒட்டியிருந்தது, சிலது ஈரத்தில் ஊதிக் கரைந்திருந்தது.

அவளுக்கு அடையாளம் தெரியாதா? காலையும் மாலையும் தேத்தண்ணியோடு அந்தக் குளிசையை அவர் உள்ளங்கையில் வைத்தது அவள்தானே. இதயம் தாளம் பிழைத்து அடிக்கிறது, இரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போய் அடைத்துவிடும், அதைத் தடுக்கத்தான் இந்தக் குளிசை, ஒரு நேரமும் விடக்கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில், அவர் வாய் ஒரு பக்கம் இழுத்துப் பேச்சில்லாமல் கிடந்தபோது, நேர்ஸ் பிள்ளை அவளைக் கேட்டது: இடையில் எப்போதாவது குளிசை தவறியதா? தவநாயகி நிமிர்ந்து நின்று, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில், 'நெவர்' என்றாள். பெருமையாகவே சொன்னாள்.

இப்போது அந்தப் பெருமையெல்லாம் கறள் பிடித்துப் பேப்பரில் கிடந்தது.

"விசர் மனுசன்," என்றாள். யாருமில்லாத குசினியில் சத்தமாகவே சொன்னாள். "எடி விசரி, நீயும் நம்பினியே!"

எப்படித் தொடங்கியது இது? முப்பது வருசமாக ஹீத்ரோவில் காகோ ஏற்றி இறக்கிய மனிதர். விடியப்புறம் நாலு மணி ஷிப்டுக்கு ஓடுகிறவருக்கு முகம் ஒரு பொருட்டா? ஐந்து பிளேட் வைத்த பிளாஸ்ரிக் றேசரின் தலை ஒன்றை மாட்டினால், அது மழுங்கி மொட்டையாகும்வரை மாதக்கணக்காக அதனாலேயே விறாண்டிக்கொண்டு போவார். கழுத்து முழுவதும் சிவந்து பொருக்குத் தட்டியிருக்கும். நெஞ்சுக்கு வருத்தம் வந்து வேலையை விட்ட பிறகுதான் கண்ணாடி என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவந்தது.

முதலில் பிரஷும் சவர்க்காரமும் வந்தன. றேசர் பழைய பிளாஸ்ரிக்தான். நுரை அடிக்கக் கிண்ணம் வேண்டுமென்று, அவள் சம்பல் போடுகிற பீங்கான் கிண்ணத்தைக் கேளாமல் எடுத்துக்கொண்டு மேலே போனார். அதற்கே வீட்டில் இரண்டு நாள் சண்டை. பிறகு, பிளேடைக் கழற்றி மாட்டுகிற இரும்பு றேசர் ஒன்று வந்தது. அது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அதுவும் கன்னத்துக்கு மட்டும். கழுத்துக்குப் பழையதுதான், பயம். பிறகு கழுத்தின் வலப்பக்கம். பிறகு, உதட்டுக்குக் கீழே நாடி. கடைசியில் ஒருநாள் பிளாஸ்ரிக் றேசரைக் கொண்டுவந்து குசினிக் குப்பைவாளிக்குள் போட்டுவிட்டு, ஏதோ சிகரெட்டை விட்டவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"நாப்பது வருசமாத் தேங்காய் துருவுற மாதிரி முகத்தைத் துருவினனான் தவம். இனி எனக்கு நேரம் கிடக்கு," என்றார்.

நேரம் கிடக்காம்! அந்த நேரத்தில் அவளுக்கு என்ன வந்தது? இரண்டு பேரும் ஷிப்ட் மாறி மாறி ஓடி, ஒருவர் படுக்கையில் மற்றவர் சூடு ஆறுமுன் மாறிப் படுத்து வளர்த்த குடும்பம் அது. வேலையை விட்டபின் ஆறுதலாக எதிரெதிரே இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள். அவர் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார்.

கூப்பிடாமலும் விடமாட்டார். "தவம், இஞ்சை ஒருக்கா வாருமன்!" கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போனால் கழுத்தை நீட்டுவார். "இதிலை தடவிப் பாரும். எல்லா இடமும் மயிர் கீழை பாத்து வளருது. இடப்பக்கம் காதுக்குக் கீழை மட்டும் மேலை பாத்து வளருது. அதுதான் இவ்வளவு காலமும் அதிலை பொருக்கு வந்தது. அதிலை மட்டும் கீழையிருந்து மேலை இழுக்க வேணும்." அவள் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தடவிப் பார்ப்பாள். "ஓம் ஓம், பெரிய கண்டுபிடிப்பு. அடுப்பிலை கறி கிடக்கு," என்று இறங்கி வருவாள்.

இந்தக் குளிசை இரத்தத்தை இளக்குகிறது, வெட்டினால் இலேசில் நில்லாது. மருந்துக்கடைப் பிள்ளை, எலெக்ரிக் றேசர் வாங்குங்கோ என்று அவருக்கு நேரேயே சொன்னது. கேட்டாரா? நாடிக் குழியில் வெட்டாத நாள் கிடையாது. ஒரு சீனாக்காரக் கட்டி வாங்கிவைத்திருந்தார். ஊரில் சலூன்காரர் வெட்டுப்பட்ட இடத்தில் தேய்க்கிற அந்த வெள்ளைப் படிகாரம்தான். அதைத் தண்ணீரில் தோய்த்து அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரத்தம் நிற்க அரை மணித்தியாலம் செல்லும். சில நாள் அவருக்குக் கை உளைந்து, அவளையே பிடிக்கச் சொல்வார். ஏசி ஏசிப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. முகம் வழித்து, வெறும் மேலோடு, சால்வையை இடுப்பில் கட்டிச் சாமி தூக்கப் போனார். இரண்டாம் வீதி சுற்றும்போது நாடியிலிருந்து இரத்தம் சொட்டி வெள்ளை வேட்டியில் விழுந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பொடியன் பேசாமல் தோளை மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான். இவர்தான் குன்றிப்போய், முழுக் குற்றவாளி மாதிரி வெளியே வந்து காருக்குள் இருந்துவிட்டார். "ரத்தத்தோடை போய் அம்மாளைத் தொட்டிட்டன்," என்று வீடு வரும்வரை புலம்பினார்.

தாடியோடு போயிருக்கலாம். மருந்துக்கடைப் பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்கலாம். பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். எத்தனை வழி கிடந்தது!

அடுத்த கிழமையிலிருந்து இரத்தம் வரவில்லை. வெட்டினாலும் ஒரு பொட்டு வந்து நின்றுவிடும். "பாத்தீரே, கை படிஞ்சிட்டுது!" என்று சிரித்தார். தேர் அன்று காலையில் வழித்த முகத்தோடு படியிறங்கி வந்தபோது அவளும் சொன்னாள்தான். "ஓம், இப்ப வடிவா வழிக்கிறியள்." கலியாணம் முடித்த காலத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. சொன்னாளே, பாவி! அப்போது காலைக் குளிசை இந்தப் பேணிக்குள் அல்லவா கிடந்திருக்கிறது. தேர் முடிந்து மூன்றாம் நாள், அதே கண்ணாடிக்கு முன்னால், முகத்தில் பாதி நுரையோடு விழுந்தார்.

வாசல் மணி அடித்தது. தவநாயகி பேப்பரைச் சுருட்டிக் கைப்பைக்குள் அடைத்தாள்.

வந்தவர் பரமேஸ்வரன். குலசிங்கத்தின் தமையன், குட்மேய்ஸில் இருக்கிறார். லண்டனின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கார் ஓட்டி வந்த எரிச்சலோடு உள்ளே வந்தார்.

"வெளிக்கிட்டாச்சே தவம்? நான் ஒரு லோயரோடை கதைச்சிட்டன். இதை இப்பிடி விடேலாது. உந்த ஆஸ்பத்திரிக்காரர் கவனிச்சிருந்தால் தம்பி இருந்திருப்பான். குளிசை ஒழுங்காப் போட்ட மனுசனுக்கு எப்பிடி ஸ்ற்றோக் வரும்? நீ சொல்லு!"

தவநாயகி சப்பாத்தைப் போட்டுக்கொண்டாள். "கார் எங்கை விட்டனீங்கள்?" என்றாள்.

மகள் கம்சிகா மேலேயிருந்து பட்டு வேட்டியும் சால்வையும் வைத்த பையோடு இறங்கி வந்தாள். பை, வேட்டி சால்வைக்குப் பெரிதாக உப்பியிருந்தது. அதன் வாயில் சம்பல் கிண்ணத்தின் நீல விளிம்பு தெரிந்தது.

"உதுகளை ஏன் எடுத்தனி? நான் எறிஞ்சனான்."

"அப்பான்ர திங்ஸ் அம்மா. குப்பைப் பின்னுக்குள்ள போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?"

"மனமோ? என்ரை மனத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

"ஏன் அம்மா எல்லாரோடயும் கோவம்? அப்பா செத்ததுக்கு அப்பாவோடயும் கோவமா?"

தவநாயகி வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே இறங்கினாள். காரின் பின்சீற்றில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். முன்னால் பரமேஸ்வரன் போகும் வழியெல்லாம் ஆஸ்பத்திரியைத் திட்டிக்கொண்டு ஓட்டினார்.

பிரேதம் வைத்திருந்த இடத்தில் முருகேசன் என்கிற தமிழர் வேலை செய்தார். குளிரான சின்ன அறை. மேசைமேல் குலசிங்கம் கழுத்துவரை வெள்ளைத் துணி மூடிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் வளர்ந்த நரைத்தாடி முகம் முழுக்க மண்டியிருந்தது. அவரைப் பார்த்தால் அவர் மாதிரியே இல்லை.

"குளிப்பாட்டிப்போட்டம் அம்மா," என்றார் முருகேசன். "முகம் வழிக்கேல்லை. சில குடும்பம் தாங்களே செய்ய விரும்புவினம், அதுதான் கேட்டிட்டுச் செய்வம் எண்டு விட்டனாங்கள்."

"நான் செய்யிறன்," என்றார் பரமேஸ்வரன். "ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீடு. தமையன் நான் இருக்கிறன்தானே."

அவர் கோட்டுப் பையிலிருந்து பிளாஸ்ரிக் றேசர் ஒன்றையும் நுரை டின்னையும் எடுத்தார். வரும் வழியில் பெற்றோல் ஸ்ரேசனில் வாங்கியிருக்க வேண்டும். விலைச்சிட்டை இன்னும் ஒட்டியிருந்தது. நுரையைப் பீய்ச்சினார். கன்னத்தில் ஒரு இழுவை. தாடி நீளம் என்பதால் றேசர் அடைத்துக்கொண்டது. உதறிவிட்டு, தம்பியின் நாடியைப் பிடித்துத் திருப்பி, இடப்பக்கக் காதுக்குக் கீழே றேசரை வைத்து மேலிருந்து கீழே கறகறவென்று இழுத்தார்.

"நிப்பாட்டுங்கோ!"

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதிலை அப்பிடி இழுக்கக்கூடாது. அதிலை மயிர் மேலை பாத்து வளருது."

"என்ன தவம் நீ? செத்த மனுசனுக்கு மேலை என்ன, கீழை என்ன?"

"அவருக்கு இருக்கு! தாங்கோ இஞ்சை. கம்சி, அந்தக் கிண்ணத்தை எடு."

"உனக்கென்ன விசரே? பெண்சாதி புருசன்ரை பிரேதத்திலை கத்தி வைக்கிறதோ? ஐயருக்குத் தெரிஞ்சால் என்ன சொல்லுவார், சனம் என்ன கதைக்கும்? தம்பியை ஆஸ்பத்திரிக்காரன் சாகடிச்சது காணாதெண்டு நீ வேறை..."

"ஆஸ்பத்திரிக்காரன் ஒண்டும் செய்யேல்லை!"

தவநாயகி கைப்பையைத் திறந்து பேப்பர்ச் சுருளை எடுத்தாள். இழுத்த வேகத்தில் அது அவிழ்ந்து, குளிசைகளும் பிளேடுகளும் சீமெந்து நிலத்தில் சிதறின. ஒரு குளிசை உருண்டு மேசைக்காலடியில் போய் நின்றது.

"பாருங்கோ! வடிவாப் பாருங்கோ! உங்கடை தம்பி குளிசை போடேல்லை. நான் கையிலை குடுக்க, ஓம் ஓம் எண்டு மேலை கொண்டுபோய் பிளேட் பேணிக்குள்ளை போட்டவர். ஏன் தெரியுமோ? முகம் வழிக்கேக்கை ரத்தம் வரக்கூடாதாம். ரத்தமில்லாத முகத்தோடை போய் அம்மாளுக்கு முன்னாலை நிக்க வேணுமாம். என்னோடை இருக்கிறதைப் பற்றி யோசிக்கேல்லை இந்த மனுசன். ஒரு முகத்துக்கு, ஒரு கண்டறியாத முகத்துக்கு என்னை வித்துப்போட்டுப் போயிட்டார்!"

பரமேஸ்வரன் றேசரைப் பிடித்தபடி நின்றார். அவர் கையிலிருந்த நுரை சொட்டு சொட்டாகச் சப்பாத்தில் விழுந்தது. கம்சிகா குனிந்து குளிசைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். இரண்டைப் பொறுக்கிவிட்டு, அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

"விடு பிள்ளை, கை வெட்டிப்போடும்," என்று சொல்லிக்கொண்டு முருகேசன் கூட்டித் தள்ளத் தும்புக்கட்டை எடுத்துவரப் போனார்.

"வரேக்கை கொஞ்சம் சுடுதண்ணி கொண்டுவாறியளே," என்றாள் தவநாயகி.

சுடுதண்ணீர் வந்தது. துவாயை அதில் நனைத்துப் பிழிந்து அந்தக் குளிர்ந்த முகத்தின்மேல் போட்டாள். பெற்றோல் ஸ்ரேசன் நுரையை முழுவதும் துடைத்தெடுத்தாள். கம்சிகா தன் கைப்பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலை நீட்ட, முதலில் தாடியைக் கட்டையாகக் கத்தரித்தாள். சம்பல் கிண்ணத்தில் பிரஷைச் சுழற்றி நுரை அடித்தாள். ஒருநாளும் செய்யாத வேலை. ஆனால் கதவடியில் நின்று, கறி அடிப்பிடிக்குதே என்ற அவசரத்தோடு, எத்தனை தரம் பார்த்திருப்பாள். நுரை பாற்கஞ்சிப் பதத்துக்கு வரவேண்டும் என்பார். வந்தது.

பையிலிருந்த இரும்பு றேசரை எடுத்துப் புதுப் பிளேடை மாட்டினாள். அமத்தக்கூடாது, றேசர் தன் பாரத்தில் தானாக இறங்க வேண்டும் என்பதும் அவருடைய சொல்தான். வலக்கன்னம் மேலிருந்து கீழே. இடக்கன்னம் மேலிருந்து கீழே. ஒவ்வொரு இழுவைக்கும் பிளேடைத் தண்ணீரில் அலம்பினாள். நரைமயிரும் நுரையும் மிதந்தன. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் கூடிக்கொண்டே போனது.

"பொய்காரன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "கை படிஞ்சிட்டுதாம், கை."

இடப்பக்கக் காதுக்குக் கீழே வந்தபோது றேசரை வைத்துவிட்டு விரலால் தடவினாள். மேலே பார்த்துத்தான் வளர்ந்திருந்தது. தோலைக் கீழே இழுத்துப் பிடித்து, கழுத்தடியிலிருந்து காதை நோக்கி மெல்ல மெல்ல இழுத்தாள். ஒரு மயிர்கூடச் சிக்காமல் வந்தது. பரமேஸ்வரன் இதற்குள் கிட்ட வந்து நின்று, கேளாமலேயே தண்ணீர்ச் சட்டியை அவள் கைக்கு வாகாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக நாடிக் குழி. அந்த இடத்தில் அவருக்கும் சரிவந்ததில்லை. பிளேட் ஒரு பக்கம் சரிந்தது அவளுக்கே விரலில் தெரிந்தது.

"ஐயோ, வெட்டிப்போட்டன்!"

அவள் கை தானாகக் கம்சிகா கொண்டுவந்த பைக்குள் போய்ச் சீனாக்காரக் கட்டியை எடுத்தது. தண்ணீரில் தோய்த்து, வெட்டில் வைத்து அமத்தினாள். மற்றக் கையால் அவர் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ. ஆடாதையுங்கோ," என்றாள்.

கம்சிகா வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனாள். பரமேஸ்வரன் அவள் தோளில் கை வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தவநாயகி கட்டியை எடுத்துப் பார்த்தாள். கட்டி வெள்ளையாகவே இருந்தது. நாடிக் குழியில் ஒரு மெல்லிய கோடு, பேப்பரில் நகம் பட்ட மாதிரி, காய்ந்து கிடந்தது.

"இப்ப போங்கோவன் கோயிலுக்கு," என்றாள்.

பிறகு கட்டியை மறுபடி தண்ணீரில் தோய்த்து, அதே இடத்தில் வைத்து அமத்தினாள்.